பதினேழாம் பெட்டியில் இருந்த நாலு பேர்

மனிதன் சாகத் தொடங்கிய காலத்திலிருந்து உலகத்தில் நடக்காத ஒன்று அன்று காலை பத்தரை மணிக்குக் கோயம்புத்தூரில் நடந்தது. இனிமேல் இந்த மாவட்டத்தில் எவரும் பெயரில்லாமல் சாக முடியாது என்று ஒருங்கிணைந்த அடையாள மீட்பு மையத்தின் இயக்குநர் முனைவர் பிரவின்குமார் மைக்கில் அறிவித்தார்.

"யாரு வேணும்னாலும் முயற்சி பண்ணிப் பாக்கலாம்," என்றார். "ஆனா முடியாது."

பந்தலே கைதட்டியது. முன்வரிசையில் பொன்னாத்தாளும் தட்டினாள். தேங்காய்க் களத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிணத்துக்கடவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அவள் தம்பி ராசப்பன் காணாமல் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ரோஷம் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதுமான அளவு. உக்கடத்தில் லாரி லோடு இறக்குகிற வேலை. ஒருநாள் புதிதாகத் தைத்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அக்கா முன்னால் நின்றான். எதற்கு நிற்கிறான் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. "தின்னு தூங்கறவனுக்குச் சட்டை ஒரு கேடா?" என்று சொல்லிப்போட்டாள். அவன் சாப்பிடவில்லை. அந்தச் சட்டையோடு தெருவில் இறங்கினவன்தான். போனும் அன்றைக்கே அணைந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். மையம் திறக்கிறது என்று கேள்விப்பட்டதும் இங்கே வந்தாள். முதல் ஆளாகப் பதிந்ததால், அவளை "முதல் பயனாளி" என்று சொல்லி மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பதிவே ஒரு மணி நேரம் நடந்தது. கணினியில் உட்கார்ந்திருந்த சண்முகப்ரியா நல்ல பெண்.

"காணாமப் போனவரோட இப்போதைய முகவரி சொல்லுங்க்கா."

பொன்னாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை.

"அது தெரிஞ்சா நான் எதுக்குக் கண்ணு இங்க வாரேன்?"

"புரியுதுங்க்கா. அந்தக் கட்டத்தைக் காலியா உட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதுங்க."

'தெரியாது' என்று அடித்தார்கள். அப்படி ஒரு தெரு இந்த மாவட்டத்தில் இல்லை என்று கணினி சொன்னது. கடைசியில் சண்முகப்ரியா மையத்தின் முகவரியையே அடித்துவிட்டாள். அடுத்து ஓடிபி. காணாமல் போனவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, அவருடைய கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். அவரிடம் போய் அதைக் கேட்டுவந்து சொன்னால், அவரைத் தேட ஆரம்பிப்பார்கள். கைபேசி இல்லாதவர் என்றால், ஏன் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சண்முகப்ரியா பெருமூச்சு விட்டுத் தன் கைபேசி எண்ணைப் போட்டாள். ஆக, கணினியின் கணக்கில் ராசப்பன் அப்போதே மையத்தில்தான் குடியிருந்தான். போன் போட்டால் சண்முகப்ரியா எடுப்பாள்.

மேடையில் செயல்முறை விளக்கம் நடந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து டிஎன்ஏ மாதிரி எடுப்பதைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். பொன்னாத்தாள், சண்முகப்ரியா, தலைமை விருந்தினர், இயக்குநர் ஆகிய நால்வரும் வாயைத் திறந்தார்கள். தலைமை விருந்தினர் எல்லாரையும்விட அகலமாகத் திறந்தார். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரமும் திறந்தார்.

பிறகு பதினேழாம் எண் பெட்டி வந்தது. மாவட்ட எல்லையில், பல்லடம் பக்கத்தில் வாய்க்கால் ஓரப் புதரில் கிடைத்த எலும்புகள், கூடவே நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று. பொன்னாத்தாளின் மனுவிலும் நீலக் கட்டம் இருந்ததால், முதல் பொருத்தம் இதுவாகத்தான் இருக்கும் என்று விழாக்குழு முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

"பெட்டியை மட்டும் காட்டினா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுங்க சார்," என்றார் போட்டோக்காரர்.

ஆகவே தொடை எலும்பை வெளியே எடுத்தார்கள். பரிசுக் காசோலையைப் பிடிப்பது போல நாலு பேரும் ஆளுக்கொரு இடமாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். உறை போட்ட கை ஒன்றுகூட இல்லை. "சித்த சிரிங்க," என்றார் போட்டோக்காரர். மூன்று பேர் சிரித்தார்கள். பொன்னாத்தாள் மட்டும் வாய்க்குள், "நீ யாராயிருந்தாலும் மன்னிச்சுக்க சாமி," என்றாள்.

*

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வரவேற்றார்.

"வாழ்த்துகள்மா! அக்கா தம்பின்னா சுமாரா பாதிதான் ஒத்துப் போகும். உங்களுக்கு நூத்துக்கு நூறு. இப்படி ஒரு பாசத்தை எங்க மிஷின் பாத்ததே இல்லை."

பொன்னாத்தாள் அறிக்கையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பாலினம் பெண்ணுன்னு போட்டிருக்குதுங்களே சார்."

"எலும்பானதுக்கப்புறம் எல்லாரும் சமம்மா."

"நூத்துக்கு நூறுன்னா, அது நானுங்களா?"

இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். "அறிவியல்ல அப்படி நேரடியாக் கேக்கக் கூடாதும்மா."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் காட்டினார். போட்டால் பெட்டியை எடுத்துப் போகலாம். போலீஸில் கோப்பை மூடிவிடுவார்கள். முதல் மாத அறிக்கை சென்னைக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் நல்லது.

பேனா அவள் கையில் இருந்தது. போட்டுவிட்டால், ராசப்பனைத் தேட உலகத்தில் ஒரு ஆள் இருக்காது. போடாமல் விட்டு, உள்ளே இருப்பது அவனேதான் என்றால், கூடப்பிறந்தவள் இருந்தும் அவன் ஒரு நம்பராகப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடப்பான். பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"அந்தச் சட்டையை ஒருக்காப் பாத்துக்கறேனுங்க."

சண்முகப்ரியா அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். காகித உறைக்குள் சட்டை இருந்தது. கட்டம் அதே மாதிரிதான் தெரிந்தது. நிறம் வெளுத்திருந்தது. பார்க்கப் பார்க்க அவனுடையது போலவும் இருந்தது, யாருடையதோ போலவும் இருந்தது. சண்முகப்ரியா தன் போனில் முன்பக்கம், காலர், பட்டன் என்று நாலைந்து படம் எடுத்துப் பொன்னாத்தாள் போனுக்கு அனுப்பினாள்.

"சட்டை எங்க தச்சாருங்க்கா?"

"உக்கடம். நாசர் பாய் கடை."

"அவருகிட்டக் காட்டுங்க. நான் சொன்னேன்னு மட்டும் இங்க சொல்லிராதீங்க."

அப்துல் நாசரின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், பள்ளிச் சீருடைகளுக்கு நடுவில் இருந்தது. தலையை நிமிர்த்தாமல், "சீருடைன்னா திங்கக்கிழமைதாங்க," என்றார். விஷயத்தைச் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

"சோத்துக்கைப் பக்கம்."

"இடது கைப் பழக்கக்காரருக்குத்தான் அப்படி வெப்போம். உங்க தம்பிக்கு நான் எல்லாச் சட்டைக்கும் இடப்பக்கந்தான் வெச்சிருக்கேன். பட்டனைக் குறுக்கால தச்சிருக்காங்க; நான் நேரா ரெண்டு கோடு போடுவேன். அப்புறம் இந்தக் காலர் பட்டி." படத்தை அவள் பக்கம் திருப்பினார். "நான் பட்டிக்குள்ள அதே துணியில ஒரு துண்டை மடிச்சு வெச்சுத் தைப்பேனுங்க. பின்னால காலர் நைஞ்சா பிரிச்சு, திருப்பி, அந்தத் துண்டைக் குடுத்துத் தச்சுக்கலாம். அந்த இடம் தடிச்சுத் தெரியும். இதுல மெலிசா இருக்குது. இது என்ற கை இல்லீங்க."

"நெசமாத்தானா பாய்?"

"என்ற கை எனக்குத் தெரியாதுங்களா? இது வேற யாரோ ஊட்டுப் புள்ளைங்க. பாவம்."

பொன்னாத்தாள் கையில் அகப்பட்ட துணியை எடுத்து மூக்கைச் சிந்தினாள். அது யாரோ ஒரு ஆறாம் வகுப்புப் பையனின் சட்டை. நாசர் அதை வாங்கி, துவைக்கிற பக்கம் போட்டார்.

*

வெள்ளிக்கிழமை அவள் இதைச் சொன்னபோது இயக்குநர் முதலில் சிரித்தார். பிறகு வருத்தப்பட்டார். பிறகு ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

"தையல்காரரா? இதுக்காகத்தாம்மா இந்த மையத்தையே கட்டினோம்! ஒரு காலத்துல போலீஸ்காரங்க செத்தவன் சட்டையைப் பையில போட்டுக்கிட்டுக் கடை கடையா ஏறி எறங்குவாங்க. காலரைக் காட்டி, 'இது யாரு தச்சது, யாருக்குத் தச்சது'ன்னு கெஞ்சுவாங்க. அசிங்கமா இருக்கும். அப்படி அலைஞ்சு எப்படியோ ஆளையும் கண்டுபிடிச்சுருவாங்க. அது வேற விஷயம். முறை தப்பு. நாங்க முறையைச் சரி பண்ணியிருக்கோம். ஆளு கிடைக்கறது ரெண்டாவது. இன்னிக்குத் தையல்காரர்ம்பீங்க, நாளைக்குப் பட்டன் கடைக்காரரையும் கூட்டியாருவீங்களா?"

"நாசர் பாய் பட்டன் எங்க வாங்கறாருன்னு தெரியாதுங்க," என்றாள் பொன்னாத்தாள், உண்மையாகவே.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று மட்டும் உறுதியாகச் சொன்னாள். அவளுடைய அறியாமையைப் போக்குவதற்காக, எலும்பின் வேறொரு இடத்தில் சுரண்டி மறுபரிசோதனை செய்ய இயக்குநர் உத்தரவிட்டார்.

மறுபரிசோதனையில் எலும்பு சண்முகப்ரியாவுடையது என்று வந்தது. நூற்றுக்கு நூறு. அவளுக்கு அன்று அரை நாள் விடுப்புக் கொடுத்தார்கள்.

மூன்றாவது இடத்தில் சுரண்டினார்கள். அதில் தலைமை விருந்தினர் வந்தார். அந்த அறிக்கை ஒரு உறையில் போடப்பட்டு, அந்த உறை இன்னொரு உறையில் போடப்பட்டு, ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டு, அறிவியல் பூர்வமாக மறக்கப்பட்டது.

பொன்னாத்தாள் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வந்து, "இன்னிக்கு யாருங்க சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது முறை அவள் இயக்குநர் அறையில் இருந்தபோதுதான் சண்முகப்ரியா திறப்பு விழாப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், இடது பக்கம் இருந்து பாருங்க. அக்கா, நான், தலைமை விருந்தினர். ரிசல்ட்டும் அதே வரிசையில வருதுங்க சார். எலும்பை யாரு எங்க தொட்டாங்களோ..."

"தற்செயல்," என்றார் இயக்குநர். கொஞ்சம் கழித்து, "அடுத்தது யாரு?"

"நீங்கதாங்க சார்."

"நான் உயிரோட இருக்கேனேம்மா!"

"நானுந்தாங்க சார்."

*

நாசர் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. மண்டலத் தையல் நண்பர்கள் என்று அவருக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. காலை வணக்கப் பூக்களும், ஜிப் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்ற சண்டையும் மட்டும் நடக்கிற குழு. ராசப்பன் சட்டைக்கு வெட்டியதில் மிச்சமிருந்த நீலத் துண்டைப் படம் எடுத்துப் போட்டு, "இந்தத் துணியில் என் தையல் யாரிடமாவது வந்ததா? காலர் பட்டிக்குள் துண்டு இருக்கும்" என்று எழுதினார்.

நாற்பத்து மூன்று பேர் கும்பிடுகிற கையை அனுப்பினார்கள். ஆனைமலையில் கடை வைத்திருக்கும் உவைஸ் மட்டும் பதில் எழுதினார்: "போன மாசம் வந்துச்சு பாய். காலர் திருப்பக் குடுத்தாரு. பிரிச்சா உள்ள துண்டு! எந்த மகராசன் தச்சான்னு நெனச்சேன். தென்னை நார்க் களத்துல இருக்கற ஆளு. சட்டை நல்லா இருக்குதுங்களான்னு மூணு தடவை கேட்டாரு."

நாசர் இதைப் படித்துக் காட்டியதும் பொன்னாத்தாள் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம் நார்க் களத்தில் போய் இறங்கினாள். பழுப்பு நார் மலைக்குப் பக்கத்தில் நீலக் கட்டம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"எருமை!" என்று கத்தினாள். "உசுரோட இருக்கியாடா?"

ராசப்பன் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், ரோஷம் இளைக்கவில்லை. "எதுக்கு வந்தே? திங்கறதுக்கும் தூங்கறதுக்கும் இங்க எடம் இருக்குது."

"உன்ற எலும்புன்னு சொல்லி ஒண்ணைத் தூக்கிப் பிடிச்சுப் போட்டோ எடுத்துப்போட்டேன்டா..." அவன் சட்டையின் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடிக்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் பட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"சட்டை நல்லா இருக்குதுடா," என்றாள்.

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு?" என்றான் ராசப்பன். அந்தக் கேள்வி அவன் நினைத்த அளவுக்குக் கோபமாக வரவில்லை.

*

ஆள் கிடைத்துவிட்டால் மனுவை முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்து, மறுநாள் அவனை மையத்துக்குக் கூட்டிப்போனாள். நல்ல மனசில் செய்த தப்பு.

சண்முகப்ரியா அவனைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்து முகம் வாடினாள். "கிடைத்தவரின் நிலை" என்ற இடத்தில் எலும்பு, பகுதி உடல், முழு உடல் என்று மூன்றுதான் இருந்தன.

"உசுரோடன்னு இல்லைங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"யாரும் எதிர்பாக்கலைங்க்கா." சண்முகப்ரியா ராசப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழு உடல் என்று தேர்ந்தெடுத்தாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க."

இயக்குநர் வெளியே வந்தார். ராசப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க வந்தது சந்தோஷம். ஆனா வந்த முறை தப்பு. உங்களை நாங்கதான் கண்டுபிடிச்சிருக்கணும். நீங்கதான் ராசப்பன்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"என்ற அக்கா வையறா பாருங்க, அதுதான் ஆதாரம்."

"அது வாய்மொழி. வாயைத் திறங்க, மாதிரி எடுத்துக்கலாம். மூணு வாரத்துல முடிவு வந்துரும். அதுவரைக்கும் நீங்க..." சரியான சொல்லைத் தேடினார். "நிலுவை."

அந்த நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. மாதிரி எடுக்கக் கையுறை மாட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது அவர் மனைவி.

"ஏனுங்க, உங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சுங்க. நீங்க கிடைச்சுட்டீங்களாமா."

"என்னது?"

"பதினேழாம் பெட்டியில இருக்கீங்களாமா. நூத்துக்கு நூறாமா. எங்க இழப்புல மையமும் பங்கு எடுத்துக்குதாமா. சேவை திருப்தின்னா ஒண்ணை அழுத்தச் சொன்னாங்க."

நாலாவது பரிசோதனையின் முடிவு அன்று காலையில்தான் கணினியில் ஏறியிருந்தது. பொருத்தம் கிடைத்தால் குடும்பத்துக்குத் தானாகவே அழைப்பு போகும். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் அவரே.

"நீ எதை அழுத்தினே?" என்று கேட்டார், மெதுவாக.

"ஒண்ணைத்தானுங்க. நீங்க ராப்பகலா உழைச்ச ஆபீஸாச்சே."

ராசப்பன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. பொன்னாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சார், நானுமில்லை, இந்தப் புள்ளையுமில்லை, மேடையில நின்ன பெரியவருமில்லை, நீங்களுமில்லை. எங்க தம்பி இங்க நிக்கறான். அப்ப அந்தப் பெட்டியில இருக்கறது யாருங்க? அவரு ஊட்டுலயும் எவளாச்சும் பொழுதன்னிக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாளே?"

இயக்குநர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

அடுத்த சனிக்கிழமை பொன்னாத்தாள் தம்பிக்குப் புதுச்சட்டைக்கு அளவு கொடுக்க நாசர் கடைக்கு வந்தாள். இந்த முறை துணியை அவளே எடுத்திருந்தாள். நாசர் ராசப்பனின் தோளை அளந்துகொண்டிருந்தபோது, சீருடைக்கு நின்ற தாய்மார்களுக்குப் பின்னால் ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லாததால் அவளுக்கு அவரை உடனே தெரியவில்லை.

"உள்ள வாங்க சார்," என்றாள்.

பிரவின்குமார் அவளைப் பார்த்தார், ராசப்பனைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த அளவு நாடாவைப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, காகித உறையைப் பிரித்து, வெளுத்த நீலக் கட்டச் சட்டையை நாசருக்கு முன்னால் விரித்தார்.

"ஒரு நண்பரோட சட்டைங்க," என்றார். "யாரு தச்சிருப்பாங்கன்னு..."

"நண்பருக்குச் சொந்தக்காரங்க இல்லைங்களா?" என்றார் நாசர்.

"நாலு பேரு இருந்தாங்க. நானும் ஒருத்தன். இப்ப யாருமில்லை."

நாசர் சட்டையின் மேல் குனிந்தார். காலரைப் பார்த்தார், கை விளிம்பைப் பார்த்தார், பாக்கெட்டுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார்.

"பாக்கெட்டு ஒரு விரக்கடை ஆழம் அதிகம். தறி ஓட்டறவங்க கேட்டு வாங்கிக்குவாங்க; குனிஞ்சா பீடிக்கட்டு தறிக்குள்ள உழுகக் கூடாதுல்ல? எனக்குப் பல்லடத்துக் கை மாதிரித் தெரியுதுங்க. இடது கைப் பழக்கம், தறிக்காரரு. தச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். குரூப்புல படம் போட்டுடறேன். ஆனா அந்தப் பக்கம் பழைய ஆளுங்க வாட்ஸாப் பாக்கறதில்லைங்க. நேர்ல கொண்டுபோய்க் கையில குடுத்துக் காட்டோணும்."

"எத்தனை கடை இருக்கும்?"

"ஒரு அறுபது இருக்குமுங்க."

பிரவின்குமார் சட்டையை மெதுவாக, சுருக்கம் விழாமல் மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னாத்தாள், சிங்காநல்லூர் போய் பஸ் மாற வேண்டும், பல்லடத்தில் பஸ் நிலையத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டால் முதல் பத்துக் கடையும் அந்தத் தெருவில்தான் என்று சொன்னாள்.

அவர் தலையாட்டினார். சட்டையைப் பைக்குள் வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, நாசரிடம் முதல் கடையின் பெயரைக் கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.